உழுத மண்ணில் கார் நிறுத்தப் பார்க்கும் என் மகனுக்கு

எபி,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. கல்யாண மாப்பிள்ளையைத் திட்டக்கூடாது என்று உன் அப்பா ஹாலில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டே இருக்கிறார். "விடேன், கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார். கல்யாணம் முடிந்த பிறகு பேசி என்ன பிரயோஜனம்? போனில் பேசலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்பாய். தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் இதைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, நம் குடும்பக் குரூப்பில் போடுகிறேன். உன் பெரியப்பா படிக்கட்டும், பெங்களூர் அத்தை படிக்கட்டும். போன மாதம் பிரிஸ்காவையும் அவள் அப்பா அம்மாவையும் நீயேதான் அதில் சேர்த்தாய், அவர்களும் படிக்கட்டும். வரப்போகிற மருமகள், தான் கட்டிக்கொள்ளப் போவது யாரை என்று தெரிந்துகொண்டே கட்டிக்கொள்ளட்டும்.

குரூப்பில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியாது, அதனால் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வியாழக்கிழமை உன் கல்யாணம், நம் சபையிலேயே. சாயங்காலம் சபை ஹாலில் ரிசப்ஷன். ஹாலுக்குப் பின்னால் ஒரு நிலம் இருக்கிறது. அதில்தான் வாலிபர் ஐக்கியப் பிள்ளைகளும் பின்தெருப் பிள்ளைகளும் சேர்ந்து தோட்டம் போடுகிறார்கள். நேற்று சாயங்காலம் அவர்கள் நாற்று நடுவதற்கு முன்னால் பாத்தி அளந்து கொடுப்பதற்காக என்னை வரச் சொல்லியிருந்தார்கள். ஸ்கூலில் சயின்ஸ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்கு அந்தத் தோட்டம்தான் பொழுது. நான் போய்ச் சேரும்போது கேட்டுக்குள் ஒரு லாரி நின்றது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு கருங்கல் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கே கொட்டியது என்று நினைக்கிறாய்? பாத்தி பிடிக்கத் தயாராக இருந்த மண்ணின் மேல். பாதி நிலத்தில் அதைப் பரப்பியும் ஆகிவிட்டது. ஷாலினி மதில் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண், தோட்டத்துக்கு அவள்தான் பொறுப்பு. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"யாருய்யா சொன்னது உங்களுக்கு?" என்று கத்தினேன். பந்தல்காரர் சேகர் ஓடி வந்தார். "இன்னாம்மா இப்படிக் கேக்குறீங்க? உங்க புள்ளதாம்மா சொன்னாரு. வியாயக்கெயம மழ வந்தாக்கா கார்லாம் சேத்துல மாட்டிக்கும், கிரஷர் டஸ்ட்டு கொட்டி கெட்டிப்படுத்துங்கன்னாரு. இன்னொரு லோடு வந்துகினு கீது. திங்கக்கெயம ரோலர் வுட்டா ரோடு மாரி ஆயிடும் பாருங்க" என்றார். அந்த மனுஷனைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தார். பின்னாலேயே வந்த இரண்டாவது லாரியை நான் கேட்டுக்கு நடுவில் நின்று திருப்பி அனுப்பினேன். டிரைவர் ஹாரன் அடித்தான். அடி, எவ்வளவு நேரம் அடிப்பாய் என்று நின்றேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

அங்கிருந்தே உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை. "அம்மா, அது காலி கிரவுண்டுதானே? செடி கிடி ஒண்ணும் இல்லயே. நான் நேர்ல போய்ப் பாத்தேன், சூப்பரா லெவல் பண்ணி வெச்சிருந்தாங்க. கமிட்டில கேட்டுட்டேன், ஆயரும் ஓகே சொல்லிட்டாரு." அதற்குப் பிறகு சொன்னாய் பார், அதுதான் என்னைப் பற்றவைத்தது. "ஏன்மா டென்ஷன் ஆகறீங்க? அதான் மெஷின் இருக்குல்ல? கல்யாணம் முடிஞ்சதும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டாப் போச்சு."

மெஷின் இருக்குல்ல. அடப்பாவி! அந்த மெஷின் எப்படி வந்தது என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஓர் அறக்கட்டளை, இளைஞர் தோட்டங்களுக்கும் பொதுத் தோட்டங்களுக்கும் மண் தயார் செய்யக் கருவிகளை விருதாகத் தருகிறது என்று ஷாலினிதான் எங்கேயோ பார்த்துவிட்டு ஓடி வந்தாள். விண்ணப்பத்தோடு வீடியோ அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்த வீடியோவை எடுத்தது நீ. போன வருஷம் கோடையில், பெருங்களத்தூர் ஃப்ளாட்டிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, பின்தெரு பிரகாஷ் மண்ணிலிருந்து கான்கிரீட் கட்டியைப் புரட்டுவதைத் தரையில் படுத்துப் படம் எடுத்தாயே, மறந்துவிட்டதா? ஹால் கட்டியபோது மிஞ்சிய இடிபாடு எல்லாம் அந்த நிலத்தில்தான் கொட்டிக்கிடந்தது. டைல்ஸ் துண்டு, உடைந்த பீங்கான், கம்பி, செங்கல், சிமெண்ட் மூட்டை அப்படியே இறுகிக் கல்லாகிப் போனது. கடப்பாரை போட்டால் டங்கென்று சத்தம் வரும். அதைத்தான் அந்தப் பிள்ளைகள் ஞாயிறு ஆராதனை முடிந்து, பிரியாணி சாப்பிடப் போகாமல், கையால் பொறுக்கினார்கள். உன் வீடியோவில் பின்னணிக்குக் கிட்டார் எல்லாம் போட்டிருந்தாய். "இந்த மண் மறுபடியும் மூச்சுவிடும்" என்று உன் குரலில் ஒரு வசனம் வேறு. அதைக் கேட்டு நான் அழுதேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விருது வந்தது. சிவப்பு நிறத்தில் ஒரு ஹோண்டா மினி டில்லர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் முன்னால் மண்ணைக் கிளறிக்கொண்டு போகும். நீ மேடையில் ஷாலினி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே நீ வரவில்லை. வேலை, நிச்சயதார்த்தம், ஃப்ளாட்டுக்குச் சாமான், சரி, புரிகிறது. வரவில்லை என்று நான் ஒரு வார்த்தை கேட்டேனா? ஆனால் வராத நாட்களில் அங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. தெரியாதவன் பேசாமல் இருக்க வேண்டும். மெஷினை இறக்கி ஓட்டிய முதல் நாளே ஒரு பீங்கான் துண்டு மாட்டி பிளேடு வளைந்துவிட்டது. மறுபடியும் பொறுக்கினார்கள். தண்ணீர் விட்டு ஊறவைத்து, பதம் பார்த்து ஓட்டினார்கள். காய்ந்திருந்தால் கட்டி கட்டியாக எழும்பும், ஈரம் அதிகமானால் களியாக ஒட்டிக்கொள்ளும். அகரம்தென் பக்கத்திலிருந்து பிரகாஷ் அவன் கடை வண்டியில் சாணி எரு கொண்டுவந்தான். அவர்கள் குடும்பத்துக்கு அந்தக் காலத்தில் இங்கே வயல் இருந்தது, இப்போது ஹார்டுவேர் கடையும் வாடகை வீடுகளும்தான். "எங்க தாத்தாகூட ஏரோட்டினாரு ஆன்ட்டி, நான் ஹோண்டா ஓட்டுறேன்" என்று சிரித்துக்கொண்டே மெஷின் பின்னால் நடப்பான். சருகு போட்டார்கள், பசுந்தாள் விதைத்து வளர்த்து, பூக்கும் நேரத்தில் அதையும் மடக்கி உழுதார்கள். போன வாரம் அந்த மண்ணில் நான் கையை விட்டேன், மணிக்கட்டு வரைக்கும் போனது.

அப்படித் தயாரான மண்ணைத்தான் நீ வந்து பார்த்துவிட்டு 'சூப்பரா லெவல் பண்ணி வெச்சிருந்தாங்க' என்கிறாய். கார் நிறுத்த யாரோ உனக்காகச் சமப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாயா? அதில் நிஜமாகவே உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் என் கோபம். வேண்டுமென்றே செய்திருந்தால் ஒரு அறை விட்டு முடித்திருப்பேன்.

உனக்கு இது புதிதும் இல்லை. நீ காலேஜில் படித்தபோது ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கல்கல் பலகாரம் செய்ய டைனிங் டேபிளைக் கழுவித் துடைத்து, மைதா தூவி வைத்துவிட்டு, பிசைந்த மாவை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் உன் பைக் செயினைக் கழற்றிக் கொண்டுவந்து அதன் மேல் வைத்திருந்தாய், கிரீஸோடு. கத்தினேன். "காலியாதானேம்மா இருந்துச்சு?" என்றாய். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அத்தைகூட வருஷா வருஷம் அதைச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. ஒருவர் ஒரு வேலைக்காக ஓர் இடத்தைச் சுத்தம் செய்து, ஒதுக்கி, தயார் செய்து வைத்தால், அது உன் கண்ணுக்குக் காலியாகத் தெரிகிறது. அதில் உன் சாமானை வைத்துவிடுகிறாய்.

பிரிஸ்கா, நீ இதைப் படிக்கிறாய் என்று தெரியும், கோபித்துக்கொள்ளாதே. எபி, உனக்கு அறிவுரை சொல்ல வேண்டிய நேரம் இது, எல்லா அம்மாக்களும் கல்யாணத்துக்கு முன்னால் ஏதாவது சொல்வார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். அவள் சமையல் மேடையைத் துடைத்து வைத்திருப்பாள், அதில் உன் லேப்டாப் பையை வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பாள், 'சும்மாதானே இருக்கே' என்று ஒரு வேலையைத் தலையில் கட்டாதே. அந்த ஓய்வுக்காக அவள் காலையிலிருந்து ஓடியிருப்பாள். ஏதாவது காலியாகத் தெரிந்தால் முதலில் கேள், 'இது யாருக்காக வெச்சிருக்கே?' என்று. கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஷாலினிக்கு ஒரு போன் போட்டிருந்தால் எனக்கு இந்தக் கடிதமே எழுத வேண்டியிருந்திருக்காது.

நீ போடவில்லை. அவள் போட்டாள். முதல் லாரி உள்ளே வந்தவுடனே உனக்குப் போன் போட்டிருக்கிறாள். "அண்ணா, இது நம்ம தோட்டம்ண்ணா, நாளன்னைக்கு நாத்து நடறோம்ண்ணா" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு நீ, "சில் ஷாலு, ஒரு நாள்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, கல்யாணத்துக்கு எல்லாருக்கும் ஐஸ்கிரீம் எக்ஸ்ட்ரா" என்றாயாம். ஐஸ்கிரீமா? அவள் என்னிடம் இதைச் சொல்லும்போது அழவில்லை. "ஆன்ட்டி, அண்ணாவே இப்படிச் சொன்னா நாங்க வேற யார்கிட்ட போறது?" என்று மட்டும் கேட்டாள். என் பிள்ளைதானே நீ.

ஆயரிடமும் போனேன். அவர் போன மே மாதம்தான் மாற்றலாகி வந்தார், எது தோட்டம் எது மைதானம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "கமிட்டி மெம்பர் கேட்டார், பின்னாடி கிரவுண்டுன்னார், சரின்னேன்மா" என்று சங்கடப்பட்டார். கமிட்டியில் நீ இருக்கிறாய், ஷாலினி இல்லை, பிரகாஷ் நம் சபையைச் சேர்ந்தவனே இல்லை. அதனால் கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல், கேட்டால் சரி என்று சொல்பவரிடம் போய்க் கேட்டிருக்கிறாய். உன் ஆபீஸில் இதற்குப் பெரிய பெயர் ஏதாவது இருக்கலாம். நம் வீட்டில் இதை ஏமாற்று வேலை என்றுதான் சொல்வோம்.

ஒரு நாள்தானே என்று நீ சொல்வதற்கும் வருகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது இந்த ஒரு பருவம்தான். கத்தரியும் மிளகாயும் தக்காளியும் ஒவ்வொருவர் வீட்டு மொட்டை மாடியிலும் பேப்பர் கப்பில் நாற்றாக நிற்கின்றன. வேர் கப்பின் அடியைத் தொட்டுவிட்டது, இனி காத்திருக்காது. மழை பிடிப்பதற்குள் மண்ணுக்குள் போனால்தான் தை மாதம் காய் பறிக்கலாம். எதற்குத் தை மாதம்? சபையில் அறுப்பின் பண்டிகை. வருஷா வருஷம் நாம் செய்யும் கூத்து உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பூசணிக்காய் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அதை நம் நிலத்தின் விளைச்சல் மாதிரி பீடத்தின் முன்னால் வைத்து ஜெபம் செய்து, ஆராதனை முடிந்ததும் நாமே ஏலம் கேட்டு வீட்டுக்குத் தூக்கிப் போகிறோம். "ஆன்ட்டி, ஆண்டவருக்கே தெரியும் இது கடையில வாங்கினதுன்னு" என்று போன வருஷம் ஷாலினி என் காதில் கிசுகிசுத்தாள். இந்த வருஷம் நாமே விளைத்ததைக் கொண்டுபோய் வைப்போம் என்று அவர்கள் கிளம்பினார்கள். தாம்பரத்தில், இத்தனை ஃப்ளாட்டுக்கு நடுவில், ஒரு கூடைக் கத்தரிக்காய். அதைத்தான் நீ ரோலர் வைத்து நசுக்கப் பார்க்கிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பருவம் பயிர் செய்யாமல் கிடந்தால் அந்த மெஷினை வேறு தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், விருதின் நிபந்தனையே அதுதான். வந்து பார்ப்பார்கள். அவர்கள் வரும்போது கருங்கல் தூளும் டயர் தடமும்தான் இருக்கும். மண்ணைத் தயார் செய்யத் தந்த கருவி ஷெட்டில் நிற்கும், மண் ரோடாகிக் கிடக்கும். அப்போது ஷாலினி என்ன சொல்வாள்? அண்ணனுக்குக் கல்யாணம் என்றா?

'ஒரு ரவுண்டு ஓட்டிட்டாப் போச்சு' என்றாயே, அதையும் கேட்டுக்கொள். தூள் மேலே கிடக்கும்போது மெஷினை ஓட்டினால் அது அத்தனையும் மண்ணுக்குள் போய்க் கலந்துவிடும். கலந்ததைப் பிரிக்க மெஷின் கிடையாது. "மண்ணு அல்வா மாரி இருந்துச்சு ஆன்ட்டி, இப்ப இத்தக் கலக்கினா கலவ போட்ட மாரி ஆயிடும், அப்பால வூடுதான் கட்டணும்" என்றான் பிரகாஷ். மண்ணை இளக்கிக் கொடுப்பது மட்டும்தான் மெஷினின் வேலை. மற்றதெல்லாம் கையால் செய்ததுதான், இப்போது மீட்பதும் கையால்தான் ஆகும். பலகையால் மெதுவாக வழித்து, சட்டியில் அள்ளி, மதிலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ரோலர் ஏறுவதற்குள், மழை வந்து தூள் கீழே இறங்குவதற்குள்.

கார்களுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். தாம்பரம் என்ன ட்ரெயின் வராத ஊரா? உன் நண்பர்கள் ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் ஏறி வந்தால் கோட்டு கசங்கிவிடுமா? உன் வார்த்தையையே சொல்கிறேன், ஒரு நாள்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல். வர முடியாதவர்கள் வர வேண்டாம், மீதிச் சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். சேகரிடம் சொல்லிவிட்டேன், ரோலர் வேண்டாம் என்று. "மாப்ள சொன்னாத்தான்மா கேன்சல் பண்ணுவேன், அவருதான் ஆர்டர் குத்தாரு" என்கிறார். ஆக, அதையும் நீதான் நிறுத்த வேண்டும்.

நாளைக்குச் சனிக்கிழமை. வெயில் ஏறுவதற்கு முன்னால் பிள்ளைகள் வேலையை ஆரம்பிக்கிறார்கள். நானும் போகிறேன். முட்டி வலி இருக்கிறது, மருந்து தடவிக்கொண்டு போவேன். நீ சேகருக்குப் போன் போட்டு ரோலரை நிறுத்திவிட்டு, பழைய சட்டையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வா. வரும்போது கேமராவைக் கொண்டு வராதே. வந்தவுடன் ஷாலினியிடம் மன்னிப்புக் கேள், எல்லோர் முன்னாலும். ஐஸ்கிரீம் பேச்சை எடுத்தாய் என்றால் அங்கேயே உன் காதைத் திருகுவேன்.

வராமல் இருந்துவிடலாம், அம்மா ஆறிவிடுவாள் என்று மட்டும் கணக்குப் போடாதே. நாளை மறுநாள் உனக்கும் பிரிஸ்காவுக்கும் மூன்றாவது கல்யாண ஓலை வாசிக்கப்படுகிறது. ஆயர் உங்கள் இரண்டு பேர் பெயரையும் படித்துவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாராவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பார். இது கடைசித் தடவை. இதுவரை எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன், ஒருவர்கூட எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மண்ணின் மேல் தூள் அப்படியே கிடந்தால், ஆயர் கேட்டு முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நிற்பாள்.

அம்மா